பவர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டுக் கட்டத்தில் கிராஸ்ஓவர் திரிபைக் குறைக்கும் வழிமுறை

பி வகுப்பு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டுக் கட்டத்தில் அலையின் மேற்பாதியை என்பிஎன் டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியைப் பிஎன்பி டிரான்சிஸ்டரும் ஸ்பீக்கருக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஒன்று ஓய்ந்து மற்றொன்று பொறுப்பேற்கும் இடம் சுழியக் கோடு. சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட் கிடைக்கும்வரை அதில் குறிப்பிடத்தக்க மின்னோட்டம் பாய்வதில்லை. ஆகவே பயாஸ் (ஓய்விலேயே டிரான்சிஸ்டரைச் சற்று இயங்க வைக்கும் மின்னழுத்தம்) இல்லாத ஒரு ஜோடியில் சுழியத்தின் இருபுறமும் 0.6 வோல்ட் அளவுக்கு இரண்டு டிரான்சிஸ்டர்களுமே செயலற்றிருக்கும் ஓர் இடைவெளி உண்டாகிறது. அலை அந்த இடைவெளியைக் கடக்கும்போதெல்லாம் வெளியீட்டில் ஒரு முறிவு விழுகிறது. இதுவே கிராஸ்ஓவர் திரிபு.

மற்றத் திரிபுகள் பெரும்பாலும் ஒலி கூடும்போது கூடுகின்றன. இது ஒலி குறையும்போது கூடுகிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் வெளியாகும்போது அலையின் உச்சம் சுமார் 28 வோல்ட். 1 வாட் வெளியாகும்போது 4 வோல்ட். 50 மில்லிவாட்டில் 0.9 வோல்ட் மட்டுமே. பயாஸ் இல்லாத மேற்சொன்ன ஜோடியில், அரை அலையின் 180 பாகையில் 50 வாட்டின்போது இரண்டரைப் பாகைக்கும் குறைவாகவே இழக்கிறோம். 1 வாட்டில் ஏறத்தாழ 17 பாகையும், 50 மில்லிவாட்டில் 80 பாகைக்கு மேலும் இழக்கிறோம். வீட்டில் அமைதியாகக் கேட்கும் இசையின் பெரும்பகுதி ஒரு வாட்டுக்குக் கீழேதான் நிகழ்கிறது என்பதால், முழுத் திறனில் அளந்த திரிபு எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது இந்தக் குறையைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. மேலும், முறிவு கூர்மையானது என்பதால் அது 5, 7, 9 என்று மேலே செல்லும் ஒற்றைச் சீரிசைகளை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் ஒலிகளை) உண்டாக்குகிறது. அடிப்படை ஒலியிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் அத்தகைய சீரிசைகளைக் காதில் அடிப்படை ஒலி மறைத்துவிடுவதில்லை. இரண்டாம், மூன்றாம் சீரிசைகளைப் பொறுத்துக்கொள்ளும் காது, இதைக் கரகரப்பாகவே உணர்கிறது.

வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுடன் ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் எதிர்ப் பின்னூட்டம் இதையெல்லாம் சரிசெய்துவிடும் என்று எண்ணி வெளியீட்டுக் கட்டத்தை அக்கறையின்றி அமைப்பவர்கள் பலர். பின்னூட்டத்தின் எல்லைகளைப் பின்னர் பார்ப்போம். முறிவை அது பிறக்கும் இடத்திலேயே இயன்ற அளவு சமன்படுத்திய பிறகுதான் மிச்சத்தைப் பின்னூட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கு முதலில் தேவை, சரியான பயாஸ்.

சரியான பயாஸ் என்பது எவ்வளவு?

எமிட்டரிலிருந்து வெளியீட்டை எடுக்கும் எமிட்டர் ஃபாலோயர் வகை வெளியீட்டுக் கட்டத்தில் ஒவ்வொரு பவர் டிரான்சிஸ்டரின் எமிட்டரிலும் ஒரு சிறு மின்தடை இருக்கும். பெரும்பாலும் அதன் மதிப்பு 0.1 ஓமுக்கும் 0.47 ஓமுக்கும் இடைப்பட்டது. டிரான்சிஸ்டருக்குள்ளும் எமிட்டருடன் தொடராக ஓர் இயங்குமின்தடை இருப்பதாகக் கொள்ளலாம். அறை வெப்பநிலையில் அதன் மதிப்பு, 26 மில்லிவோல்ட்டை அப்போது பாயும் மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. மின்னோட்டம் கூடக்கூட அது குறைந்து, சில ஆம்பியர் பாயும்போது புறக்கணிக்கத்தக்கதாகிவிடும்.

சுழியத்தின் அருகே இரண்டு டிரான்சிஸ்டர்களும் இயங்குகின்றன. ஆகவே ஸ்பீக்கருக்குத் தெரியும் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு), ஒரு பக்கத்தின் எமிட்டர் மின்தடையும் இயங்குமின்தடையும் சேர்ந்த கூட்டுத்தொகையில் பாதி. அலை சுழியத்திலிருந்து விலகிச் சென்றபின் ஒரு டிரான்சிஸ்டர் மட்டுமே இயங்குகிறது. அப்போது தெரிவது எமிட்டர் மின்தடை மட்டுமே எனலாம். இவ்விரண்டும் சமமாக இருந்தால் கைமாற்றம் ஏறத்தாழத் தடயமின்றி நிகழும். சமமாக இருக்க வேண்டுமென்றால், ஓய்வு நிலையில் இயங்குமின்தடை எமிட்டர் மின்தடைக்குச் சமமாக இருக்க வேண்டும். அதாவது, எமிட்டர் மின்தடை ஒவ்வொன்றின் குறுக்கேயும் 26 மில்லிவோல்ட் விழ வேண்டும். ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பார்னி ஆலிவர் 1971இல் இதை எடுத்துக்காட்டினார். இன்றும் எமிட்டர் ஃபாலோயர் கட்டங்களை அமைக்கத் தொடங்கும் இடம் இதுதான்.

இதிலிருந்து ஒன்றை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் அமைப்பது மின்னோட்டத்தை அன்று, மின்தடையின் குறுக்கே விழும் மின்னழுத்தத்தை. ‘ஓய்வு மின்னோட்டம் 50 மில்லிஆம்பியர் போதும்’ என்பது போன்ற பொது அறிவுரைகள் எமிட்டர் மின்தடையின் மதிப்பைச் சொல்லாதவரை பொருளற்றவை. 0.47 ஓம் மின்தடைக்கு அந்த அறிவுரை ஏறக்குறையச் சரி, ஏனெனில் அதற்கு 55 மில்லிஆம்பியர் வேண்டும். 0.33 ஓமுக்கு 79, 0.22 ஓமுக்கு 118, 0.1 ஓமுக்கு 260 மில்லிஆம்பியர் வேண்டும். 0.1 ஓம் மின்தடை உள்ள ஆம்ப்ளிஃபையரை 50 மில்லிஆம்பியரில் ஓட்டுவது அதைக் கடுமையான பற்றாக்குறையில் வைப்பதாகும்.

பயாஸைக் கூட்டக்கூட நல்லது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. 0.22 ஓம் மின்தடையுடன் 118 மில்லிஆம்பியரில் சுழிய மின்மறுப்பு 0.22 ஓம், விலகிய நிலையிலும் 0.22 ஓம். மின்னோட்டத்தை இரட்டித்தால் சுழியத்தில் அது 0.165 ஓமாகக் குறைகிறது. விலகிய நிலையிலோ 0.22 ஓமாகவே நிற்கிறது. பாதியாக்கினால் சுழியத்தில் 0.33 ஓமாக உயர்கிறது. இரண்டு திசையிலும் சமநிலை கெடுகிறது. மிகுதியான பயாஸில், ஓய்வு மின்னோட்டத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உச்ச மின்னோட்டம் வரை ஏ வகுப்பில் (இரண்டு டிரான்சிஸ்டர்களும் அணையாமல்) இயங்குவதால் அதற்குட்பட்ட ஒலி தூய்மையாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த எல்லையைத் தாண்டியதும் ஒரு டிரான்சிஸ்டர் விலக, ஈட்டம் (உள்ளீட்டைப் போல எத்தனை மடங்கு வெளியீடு என்பது) படியிறங்கி, புதிய திரிபு தோன்றுகிறது. 500 மில்லிஆம்பியர் ஓய்வு மின்னோட்டம் வைத்தாலும் 8 ஓமில் ஏ வகுப்பு எல்லை 4 வாட்டோடு முடிந்துவிடும். முழுமையாக ஏ வகுப்புக்குச் செல்ல வசதியில்லையென்றால், சமநிலைப் புள்ளியில் நிறுத்துவதே முறை.

நடைமுறையில் 26 மில்லிவோல்ட் என்பதைச் சற்றே குறைத்து வைக்க வேண்டியிருக்கும். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் எமிட்டர் மின்தடையும், பேஸ் பக்கத்து மின்தடைகளைப் பீட்டாவால் (டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கத்தால்) வகுத்து வரும் பங்கும் வெளி மின்தடையுடன் சேர்ந்துகொள்கின்றன. வெளியே 0.1 ஓம், உள்ளே 0.03 ஓம் என்றால் 26 மில்லிவோல்ட் விழ வேண்டியது 0.13 ஓமின் குறுக்கே. ஆகவே மின்னோட்டம் 200 மில்லிஆம்பியர், மல்டிமீட்டரில் தெரிய வேண்டியது 20 மில்லிவோல்ட். பேஸில் 4.7 ஓம் தடுப்பு மின்தடை போட்டு, பீட்டா 100 ஆக இருந்தால் அது மட்டுமே 0.047 ஓமைச் சேர்க்கிறது. எமிட்டர் மின்தடை சிறியதாகும்போது இந்தத் திருத்தம் முக்கியமாகிறது, 0.47 ஓமில் பெரிதாக வேறுபாடு தெரியாது.

எமிட்டர் மின்தடையைத் தேர்ந்தெடுத்தல்

சமநிலைப் புள்ளியில் வைத்தாலும் இரண்டு நிலைகளுக்கும் நடுவே மின்மறுப்பில் ஒரு சிறு அலைவு எஞ்சும். அதன் அளவு எமிட்டர் மின்தடையைப் பொறுத்தது. ஆகவே மின்தடை சிறியதானால் எஞ்சும் திரிபும் குறையும். கைமாற்றமும் அகலமான மின்னோட்ட வீச்சில் மெல்ல நிகழும். இதற்கு நாம் தரும் விலை வெப்பம். நேர்முனையில் 35 வோல்ட்டும் எதிர்முனையில் 35 வோல்ட்டும் உள்ள சப்ளையில், 0.22 ஓமுடன் ஒரு சேனல் சும்மா இருக்கும்போதே 8 வாட்டுக்குச் சற்று மேல் வெப்பமாக்கும், 0.1 ஓமுடன் அது 18 வாட்டைத் தாண்டும். மின்தடை குறையும்போது, டிரான்சிஸ்டர் சூடேறி மின்னோட்டம் கூடி மேலும் சூடேறும் சுழற்சியைத் தடுக்கும் ஆற்றலும் குறைகிறது. முதன்முறையாகக் கட்டுபவருக்கு 0.22 ஓம் பொருத்தமானது என்பேன். வெப்ப ஈடுசெய்தலை நன்றாக அமைக்கத் தெரிந்தபின் 0.1 ஓமுக்கு இறங்கலாம்.

4 ஓம் ஸ்பீக்கரை இயக்கும்போது அதே அலைவு 8 ஓமில் இருந்ததைப் போல இரு மடங்கு விளைவைத் தருகிறது. அத்தகைய சுமைக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி எமிட்டர் மின்தடை வைத்து இரண்டு ஜோடி டிரான்சிஸ்டர்களை இணையாகப் போடுவது நல்ல தீர்வு. கட்டத்தின் மின்மறுப்பு பாதியாகிறது. பெரிய மின்னோட்டத்தில் பீட்டா சரிவதால் வரும் மற்றொரு திரிபும் உடன் குறைகிறது.

டிரைவர் டிரான்சிஸ்டர் (வெளியீட்டு டிரான்சிஸ்டரை இயக்கும் முந்தைய டிரான்சிஸ்டர்) வெளியீட்டு டிரான்சிஸ்டரைத் தன் பின்னூட்ட வளையத்துக்குள் வைத்திருக்கும் நிரப்பு ஜோடி அமைப்பில் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே உகந்த மின்னழுத்தம் ஒருசில மில்லிவோல்ட் மட்டுமே, கைமாற்றமும் குறுகியது. இரு பக்கமும் என்பிஎன் டிரான்சிஸ்டர்களே உள்ள பழைய போலி நிரப்பு அமைப்பைப் பழுதுபார்ப்பவர்கள், கீழ்ப்பக்கத்து டிரைவரின் எமிட்டரில் பாக்ஸண்டால் டையோடு எனப்படும் டையோடைச் சேர்த்து இரு பாதிகளின் சமச்சீரின்மையைக் குறைக்கலாம். இனி வருவன எல்லாம் எமிட்டர் ஃபாலோயரைப் பற்றியவையே.

பயாஸ் சுற்று

டிரைவரும் வெளியீட்டு டிரான்சிஸ்டரும் கொண்ட இரட்டை ஃபாலோயரில் பேஸ்-எமிட்டர் சந்திகள் நான்கு உள்ளன. ஆகவே டிரைவர்களின் இரு பேஸுகளுக்கும் இடையே சுமார் 2.5 வோல்ட் தேவை. இதை வரிசையாக வைத்த டையோடுகளால் தரலாம் என்றாலும், துல்லியமாகச் சரிசெய்ய தன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தத்தைப் பெருக்கித் தரும் விபிஇ மல்டிபிளையர் என்ற ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்றே ஏற்றது. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 3.3 கிலோஓம், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 820 ஓமுடன் தொடராக 500 ஓம் டிரிம்மர் (திருகிச் சரிசெய்யும் மாறு மின்தடை) என்று வைத்தால், ஏறத்தாழ 2.1 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட் வரை சரிசெய்யலாம். டிரிம்மர் பல சுற்று வகையாக இருப்பது நல்லது.

டிரிம்மரை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பது உயிரான விஷயம். பேஸ்-எமிட்டர் பக்கத்தில் வைத்தால், காலப்போக்கில் அதன் தொடுமுனை தேய்ந்து தொடர்பு அறுந்தாலும் பயாஸ் குறைந்து ஆம்ப்ளிஃபையர் பிழைக்கும். கலெக்டர்-பேஸ் பக்கத்தில் வைத்தால், தொடர்பு அறுந்த கணத்தில் மல்டிபிளையர் முற்றிலும் அணைந்து, பயாஸ் முழு அளவுக்கு ஏறி வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகும். மல்டிபிளையரின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கியும், இடமிருந்தால் அதனுடன் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால் இரு பேஸுகளும் ஒலி அதிர்வெண்களில் ஒன்றாக அசையும்.

வெப்பம்

பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நாம் காக்க வேண்டிய மொத்த மின்னழுத்தமே 26 மில்லிவோல்ட். டிரான்சிஸ்டரின் உள்ளே 10 டிகிரி ஏறி, அதை மல்டிபிளையர் உணராமலிருந்தால் 20 மில்லிவோல்ட் பிழை ஏற்படும். அதில் பாதிக்குச் சற்று மேல் எமிட்டர் மின்தடையின் குறுக்கே கூடுதலாக வந்து நிற்கும். உரத்த பகுதி முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் நேரத்தில் பயாஸ் தவறான இடத்தில் இருக்கும் என்பதுதான் இதன் பொருள். பயாஸைத் துல்லியமாக அமைப்பதைவிட அதை அங்கேயே நிலைநிறுத்துவது கடினம். என் பார்வையில் கட்டுபவரின் கவனத்தில் பெரும்பங்கு இங்கே செல்ல வேண்டும்.

மல்டிபிளையர் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கின் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டின்) ஏதோ ஒரு மூலையில் பொருத்துவது போதாது. ஹீட் சிங்க் சூடேற நிமிடக்கணக்கில் ஆகும். டிரான்சிஸ்டரின் உட்சந்தி சில நொடிகளிலேயே சூடேறிவிடும். பிளாஸ்டிக் உறை கொண்ட வெளியீட்டு டிரான்சிஸ்டரின் மேற்பரப்பிலேயே உணர் டிரான்சிஸ்டரை அழுத்திப் பொருத்தினால், அது ஹீட் சிங்கில் இருப்பதைவிட விரைவாகவும் சரியாகவும் உணரும். வெப்பப் பசையைச் சீராகத் தடவி, இரண்டையும் ஒரே திருகால் இறுக்கலாம். உள்ளேயே டையோடு அமைந்த என்ஜேஎல்3281டி, என்ஜேஎல்1302டி போன்ற டிரான்சிஸ்டர்கள் இதை இன்னும் செம்மையாகச் செய்கின்றன.

இன்னொரு நுட்பமும் உண்டு. மல்டிபிளையர் நான்கு சந்திகளுக்கான மின்னழுத்தத்தைத் தருவதால், தான் உணரும் ஒவ்வொரு டிகிரிக்கும் 8 மில்லிவோல்ட் குறைக்கும். டிரைவர்கள் தனி ஹீட் சிங்கில் ஏறக்குறையச் சீரான வெப்பத்தில் இருந்தால் உண்மையில் தேவைப்படுவது அதில் பாதியே. எனவே சூடேறியதும் பயாஸ் மிகையாகக் குறைந்துவிடும். டிரைவர்களையும் முதன்மை ஹீட் சிங்கிலேயே பொருத்துவது எளிய வழி. அல்லது, மல்டிபிளையருடன் தொடராக, ஹீட் சிங்கிலிருந்து விலகி நிற்கும் இரண்டு டையோடுகளைச் சேர்த்து, மல்டிபிளையரின் பங்கை அந்த அளவுக்குக் குறைக்கலாம். சூடேறச் சூடேறப் பயாஸ் கூடுகிறதா, குறைகிறதா என்பதை மல்டிமீட்டரில் கவனித்து இவற்றில் எது தேவை என்று முடிவுசெய்ய வேண்டும்.

உயர் அதிர்வெண்ணில் அணையத் தாமதிக்கும் டிரான்சிஸ்டர்

1 கிலோஹெர்ட்ஸில் அடங்கியிருக்கும் திரிபு 10 கிலோஹெர்ட்ஸில் தலைதூக்கினால், அணைய வேண்டிய டிரான்சிஸ்டரின் பேஸில் தேங்கிய மின்னூட்டம் விரைவாக வெளியேறவில்லை என்று ஐயுறலாம். டிரைவர்களின் எமிட்டர் மின்தடைகளைத் தனித்தனியே வெளியீட்டு முனைக்குக் கொண்டு செல்லாமல், இரண்டு எமிட்டர்களையும் 100 முதல் 220 ஓம் வரையிலான ஒரே மின்தடையால் இணைத்தால், அணையும் டிரான்சிஸ்டரின் பேஸ் எதிர்த்திசையில் இழுக்கப்பட்டு மின்னூட்டம் வேகமாக வெளியேறும். அந்த மின்தடையின் குறுக்கே 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைப்பது மேலும் உதவும். ஏறத்தாழ 30 மெகாஹெர்ட்ஸ் மாறுநிலை அதிர்வெண் (மின்னோட்டப் பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண்) கொண்ட 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி இதில் பழைய 2என்3055 தலைமுறையைவிட மிகவும் மேம்பட்டது.

பயாஸை அமைக்கும் முறை

மின்சாரம் கொடுக்குமுன் டிரிம்மரை அதிகபட்ச மின்தடையில் வைக்கவும். பேஸ்-எமிட்டர் பக்கத்தில் இருப்பதால் அதுவே குறைந்தபட்ச பயாஸ். முதல் தடவை மெயின்ஸ் இணைப்பில் 60 வாட் இழை பல்பைத் தொடராக வைப்பது, தவறு ஏதும் இருந்தால் டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்றும். ஸ்பீக்கரை இணைக்காமல், உள்ளீட்டைக் குறுக்கிணைத்து, வெளியீட்டில் நேர்திசை (டிசி) மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்த பிறகு பல்பை நீக்கவும்.

இரண்டு எமிட்டர் மின்தடைகளையும் சேர்த்து, ஓர் எமிட்டரிலிருந்து மற்றோர் எமிட்டருக்கு மல்டிமீட்டரை வைத்தால் 52 மில்லிவோல்ட் வரை இலக்கு; இது ஒரு மின்தடையை மட்டும் அளப்பதைவிடப் பிழை குறைந்தது. முதலில் 30 மில்லிவோல்ட் அளவில் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் சூடேற விடவும். பிறகு மெல்ல உயர்த்தவும். உட்கார்ந்து அளக்கும்போது மேசைவிசிறியின் காற்று ஹீட் சிங்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மல்டிமீட்டர் நம்மை இலக்கின் அருகே கொண்டு சேர்க்கும். இறுதிப் புள்ளியை அலைக்காட்டிதான் காட்டும். தூண்டலற்ற 8 ஓம் சுமையை இணைத்து, வெளியீட்டில் 2.83 வோல்ட், அதாவது 1 வாட் வரும்படி சைன் அலையைக் கொடுக்கவும். திரிபு அளவி அடிப்படை அதிர்வெண்ணை நீக்கியபின் எஞ்சுவதை அலைக்காட்டியின் ஒரு தடத்திலும், மூல அலையை மற்றொரு தடத்திலும் பார்க்கவும். சுழியத்தைக் கடக்கும் இடங்களில் கூரிய முட்கள் தெரிந்தால் பயாஸ் குறைவு. டிரிம்மரைத் திருப்பத் திருப்ப முட்கள் சிறுத்து, ஒரு புள்ளியில் இரைச்சலில் மூழ்கும். அதற்கு மேலும் திருப்பினால், சுழியத்திலிருந்து சற்று விலகிய இடங்களில் மேடு போன்ற வடிவம் தோன்றும்; அது மிகை பயாஸின் அடையாளம். வேண்டுமென்றே பயாஸைக் குறைத்தும் கூட்டியும் இந்த இரண்டு வடிவங்களையும் ஒருமுறை கண்ணால் பழகிக்கொள்வது பின்னால் பெரிதும் பயன்படும். அதே சோதனையை 50 மில்லிவாட்டிலும் 10 வாட்டிலும் செய்து பார்க்கவும்.

திரிபு அளவி இல்லாதவர்கள் கணினியின் சவுண்ட் கார்டைப் பயன்படுத்தலாம். வெளியீட்டை மின்தடைகளால் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கார்டுக்குக் கொடுத்து, நிறமாலையில் ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் சீரிசைகள் மிகவும் தாழும் இடத்தைத் தேடவும். 10 கிலோஹெர்ட்ஸில் சோதிக்க 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் தேவை. இல்லையென்றால் ஏழாம் சீரிசையே கண்ணுக்குத் தெரியாது. பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரின் இரு முனைகளும் தரையுடன் இணைந்தவை அல்ல என்பதால், அதில் இந்த முறையைக் கையாளக் கூடாது. கணினியின் தரையிணைப்பு வழியே குறுக்குச்சுற்று ஏற்படும்.

பின்னூட்டம் எதுவரை உதவும்?

பின்னூட்டம் திரிபை வளைய ஈட்டத்தின் (ஆம்ப்ளிஃபையரும் பின்னூட்டப் பாதையும் சேர்ந்த வளையத்தின் மொத்த ஈட்டத்தின்) அளவுக்குக் குறைக்கிறது. ஆனால் நிலைத்தன்மைக்காக ஆம்ப்ளிஃபையருக்குள் வைக்கும் ஈடுசெய் மின்தேக்கி, அதிர்வெண் உயர உயர அந்த ஈட்டத்தைச் சரித்துக்கொண்டே போகிறது. வளைய ஈட்டம் 1 மெகாஹெர்ட்ஸில் ஒன்றாகும் ஆம்ப்ளிஃபையரில் 20 கிலோஹெர்ட்ஸில் இருப்பது 50 மடங்கு, 100 கிலோஹெர்ட்ஸில் வெறும் 10 மடங்கு. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒன்பதாம் சீரிசை ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. கிராஸ்ஓவர் திரிபு உயர் சீரிசைகளையே மிகுதியாகத் தருவதால், பின்னூட்டம் எங்கே வலுவிழக்கிறதோ அங்கேயே அது நிற்கிறது. பயாஸ் மிகக் குறைந்து உண்மையான இடைவெளி இருந்தால், அந்தக் கணத்தில் வெளியீட்டுக் கட்டத்தின் ஈட்டமே சரிந்துவிடுவதால் திருத்தத் தேவையான வளையமும் அப்போது வலுவிழந்திருக்கும். பயாஸ் சரியான பிறகு, ஒன்றுக்குப் பதில் இரண்டு ஈடுசெய் மின்தேக்கிகளை வைக்கும் இருமுனை ஈடுசெய்தல் மூலம் 20 கிலோஹெர்ட்ஸில் வளைய ஈட்டத்தைக் கூட்டுவது பலன் தரும். நிலைத்தன்மையைச் சதுர அலையாலும் மின்தேக்கிச் சுமையாலும் சோதிக்காமல் அதில் இறங்கக் கூடாது.

எல்லாம் செய்த பின்னும் முட்கள் போன்ற எச்சம் மறையவில்லையென்றால், பயாஸை மேலும் திருப்பாமல் கம்பிகளைப் பார்க்கவும். பி வகுப்பில் ஒவ்வொரு சப்ளைக் கம்பியிலும் அரை அலை வடிவ மின்னோட்டமே பாய்கிறது. அதன் காந்தப்புலம் உள்ளீட்டுச் சுற்றையோ பின்னூட்டப் பாதையையோ தொட்டால், கிராஸ்ஓவர் திரிபைப் போலவே தோன்றும் ஒன்று உண்டாகும். எந்தப் பயாஸ் மாற்றமும் அதைக் குறைக்காது. எச்சத்தை அலைக்காட்டியில் பார்த்தபடியே சப்ளைக் கம்பிகளை உலர்ந்த மரக்குச்சியால் சற்று நகர்த்திப் பார்க்கவும். வடிவம் மாறினால் காரணம் தூண்டலே. நேர்முனை, எதிர்முனை, தரைக் கம்பிகள் மூன்றையும் ஒன்றாக முறுக்கி, உள்ளீட்டிலிருந்து தொலைவாகக் கொண்டு செல்லவும். பின்னூட்டத்தை இரு எமிட்டர் மின்தடைகளும் சந்திக்கும் புள்ளியிலிருந்தே எடுக்கவும். சப்ளை மின்தேக்கிகளின் தரையை உள்ளீட்டுத் தரையுடன் வழியில் எங்கும் சேர்க்காமல் எல்லாத் தரைக் கம்பிகளும் கூடும் ஒரே இடமான நட்சத்திரப் புள்ளிக்குத் தனியே கொண்டு வரவும். பிறகு பெட்டியை மூடி, அரை மணி நேரம் ஓடவிட்டு, பயாஸை மீண்டும் ஒருமுறை அளக்கவும். மூடிய பெட்டியின் வெப்பத்தில் கிடைக்கும் அளவைக் கொண்டே டிரிம்மரை இறுதியாக நிறுத்த வேண்டும்.